ஒளிப்பதற்கென்று செய்த வெளிச்சம்

ஒரு பழைய இராணுவ லொறியின் பிறேக் லைற் எரியவில்லை. விசயம் இவ்வளவுதான். ஆனால் அதைத் தேடப்போய் இரண்டாம் உலக யுத்தம் வரைக்கும் போய்வர வேண்டியதாய்ப் போய்விட்டது.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். பக்கத்துக் காணிக்காரர் எழுபது வயதைத் தாண்டிய கமக்காரர். விறகு ஏற்றவென்று, இராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க இரண்டரைத் தொன் லொறி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். எம் 35 ஏ 2 என்ற வகை. நான் வாகன மின்சார வேலை செய்கிறவன் என்று தெரிந்து, ஒருக்கால் வந்து பார் என்று கூப்பிட்டார்.

உண்மையைச் சொன்னால் கிட்டப் போகவே மனம் வரவில்லை. ஊரில் அந்தப் பச்சை நிறத்தைக் கண்டாலே வேலி பாய்ந்து ஓடிய கால்கள் இவை. லைற் போட்டுக்கொண்டு வருகிற லொறியைவிட, லைற் இல்லாமல் வருகிற லொறிக்குத்தான் கூடப் பயம். இப்போது அதே நிறத்தில் ஒன்று, பனிக்குள் சாதுவாக நிற்கிறது.

பிறேக் மிதித்தால் பின்னுக்கு லைற் இல்லை. இரண்டு நாள் நின்றால் ஸ்ராட்டும் இல்லை. இரண்டு முறைப்பாடு.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய கராஜில் மாஸ்ரர் சொல்லுவார், "தம்பி, மெசினிலை பிழை பிடிக்க முதல் ஆளிலை பிழை இருக்கோ எண்டு பார்." 1990 இல் கரண்ட் நின்ற ஊர் அது. துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓஸ்ரின் கார் ஓட்டிய காலம். பிழை பிடிப்பதற்குப் புதுச் சாமானோ மீற்றரோ கிடையாது. யோசனை மட்டும்தான்.

அந்த யோசனையோடு டாஷ்போர்ட்டைப் பார்த்தேன். லைற் சுவிற்சில் மூன்று பிடிகள். பெரிய பிடி நடுவில் 'ஓவ்' என்ற இடத்தில் நின்றது. ஒரு பக்கம் யுத்த இருட்டுக்கான லைற்றுகள், மற்றப் பக்கம் சாதாரண லைற்றுகள். சாதாரணப் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் கீழேயுள்ள பூட்டுப் பிடியை இன்னொரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். 'ஓவ்' இல் நின்றால் பிறேக் மிதித்தாலும் பின்லைற் எரியாது. எரியவே கூடாது என்றுதான் செய்திருக்கிறார்கள். முதலாவது பிழை பிழையே இல்லை!

ஏன் இப்படி? அதற்குத்தான் சரித்திரம் வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இரவில் ஓடும் லொறித் தொடருக்கு மேலிருந்து வரும் விமானம்தான் பெரிய எதிரி. முன்னால் மூடிபோட்ட ஒற்றை மங்கல் லைற். பின்னால் பூனைக்கண் மாதிரிச் சின்னச் சிவப்புக் கீற்றுகள். அந்தப் பின்லைற்றில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. மிகத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி, கிட்ட வந்தால் இரண்டு, மிகக் கிட்ட வந்தால் நான்கு. இரண்டு தெரிகிற மாதிரி ஓட்டினால் இடைவெளி சரி, ஏறத்தாழ 60 முதல் 180 அடி. மீற்றர் இல்லாமல் கண்ணாலேயே அளக்கும் அளவுகோல்.

1944 ஓகஸ்ற் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ஓடிய 'றெட் போல் எக்ஸ்பிரஸ்' பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னேறும் அமெரிக்கப் படைக்குச் சாமான் ஏற்றிய லொறிகள், உச்சத்தில் கிட்டத்தட்ட 6000. சாரதிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பர்கள். நித்திரை இல்லாமல் ஓடினார்கள். ஜேர்மன் விமானங்கள் குறைந்தபிறகு பலர் மங்கல் லைற்றை விட்டு முழு லைற் போட்டே ஓடினார்களாம். இருட்டில் மோதிச் சாவதைவிட அது மேல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்து ஜீஎம்சி லொறியும் ஜீப்பும் 6 வோல்ற். குளிரில் எஞ்சினைச் சுற்றத் திணறும். யுத்தம் முடிந்தபிறகு எல்லா வாகனத்துக்கும் 24 வோல்ற் என்று முடிவெடுத்தார்கள். அதே வேலைக்குக் கரண்ட் காற்பங்கு போதும், வயர் மெல்லிசாகலாம். ஒரு வாகனத்தின் பற்றறி செத்தால் எந்த வாகனத்திலிருந்தும் ஒரே கேபிளால் கரண்ட் கொடுக்கலாம். நோர்மண்டியில் கடலுக்குள் இறக்கிய வாகனங்களுக்கு மனிசர் கையால் பசை பூசித் தண்ணீர் புகாமல் காத்தார்கள். அந்தப் பாடத்தில்தான் பிறகு இறப்பர் மூடிய இணைப்புகள் வந்தன. 1950 இல் ரியோ கொம்பனி செய்யத் தொடங்கிய இந்த லொறி வரிசையில் இவை எல்லாம் இருக்கின்றன.

இன்னொரு நல்ல வேலையும் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் அடித்த சின்னத் தகடு. 15 என்றால் லைற் சுவிற்சுக்கு வரும் கரண்ட். 19 என்றால் இருட்டு ஓட்ட லைற். இருபது வயதுப் பெடியன் சேற்றுக்குள் கிடந்து தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டுமே! பியூசும் இல்லை. சூடேறினால் தானே விட்டு, ஆறினால் தானே பிடிக்கும் பிறேக்கர்தான். ஆகவே லைற் விட்டுவிட்டு எரிந்தால் பல்ப்பை மாற்றாதீர்கள். எங்கோ ஒரு வயர் இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம்.

பிடியை மாற்றியதும் வலது பிறேக் லைற் எரிந்தது. இடது இல்லை. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவ்விலும் மறு முனையை லைற்றின் உடலிலும் வைத்து, பிறேக்கை மிதிக்கச் சொன்னேன். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டியது, பல வோல்ற் காட்டியது. ஏர்த் இல்லை. இந்த லைற்றுகளுக்குத் திரும்பும் வழி லொறியின் இரும்புதான். ஒவ்வொரு தரமும் பெயின்ற் அடித்து அடித்து, போல்ற்றுக்குக் கீழே இரும்பும் இரும்பும் தொடாமல் போய்விட்டது. உரஞ்சித் துடைத்துப் பூட்டினேன். எரிந்தது.

பற்றறிப் பிழையும் பிடிபட்டது. முன்பு வைத்திருந்தவர், 12 வோல்ற் றேடியோ போடுவதற்காக இரண்டு பற்றறியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருந்தார். தொடராகப் பூட்டிய பற்றறிகள் இரட்டை மாடு மாதிரி. ஒன்றில் மட்டும் பாரம் ஏற்றினால் அது இளைக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகிக் கெடும். அந்த வயரைக் கழற்றி, 24 ஐ 12 ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்றைப் போட்டேன். இரண்டு பற்றறியையும் ஒரே நாளில் ஒரே வகையாக மாற்றினோம்.

அன்றிரவு அவர் லொறியில் முன்னால் போக நான் காரில் பின்னால் போனேன். சந்தியில் பிறேக் பிடித்தார். இரண்டு சிவப்பு லைற்றும் பளிச்சென்று எரிந்தன. அந்தப் பச்சை லொறியின் பின்னால் நான் பயமில்லாமல் நின்றது அன்றுதான் முதல்தரம்.

இப்படி ஒன்றை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல். அது தன்னை ஒளிப்பதற்கென்று பழக்கப்பட்ட வாகனம். றோட்டில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஸ்ராட் பண்ண முதல் அந்தப் பிடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.