இந்தியத் தண்டனைச் சட்டம்: மெக்காலே வரைவு முதல் நியாய சன்ஹிதா வரை

இந்தியத் தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 1862 ஜனவரி 1 முதல் 2024 ஜூன் 30 வரை நடைமுறையிலிருந்த குற்றவியல் சட்டத் தொகுப்பு. அதன் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா.

1834இல் மெக்காலே தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையம் இதன் வரைவை எழுதி 1837இல் கையளித்தது. மாகாணத்துக்கு ஒரு விதமாக இருந்த குற்றவியல் சட்டத்தை ஒன்றாக்குவதே நோக்கம். வரைவோ இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகே ஆட்சியாளர்களுக்கு அவசரம் வந்தது. சட்ட வல்லுநர் பார்ன்ஸ் பீகாக் செப்பனிட்ட வடிவம் 511 பிரிவுகளுடன் 1860 அக்டோபர் 6இல் சட்டமாயிற்று. முந்தைய ஆண்டே இறந்துவிட்ட மெக்காலே அதைப் பார்க்கவில்லை. அவர் வரைவிலிருந்த ராஜதுரோகக் குற்றம் 1860இல் விடுபட்டு, 1870இல் 124-ஏ பிரிவாக நுழைந்தது; திலகரையும் காந்தியையும் சிறைக்கு அனுப்பியது அதுதான். இதே தொகுப்பைத் தழுவி 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக் கோவை இலங்கையில் இன்றும் நடப்பில் உள்ளது.

சுதந்திர இந்தியாவில் சட்டத்தை ஒட்டுமொத்தமாகத் திருத்த நடந்த பெரிய முயற்சி கைகூடவில்லை. சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கையை (1971) ஒட்டி 1972இல் கொண்டுவரப்பட்ட மசோதாவை மாநிலங்களவை 1978இல் நிறைவேற்றியது. மறு ஆண்டு மக்களவை கலைக்கப்பட, மசோதா காலாவதியானது. எனவே அவ்வப்போது ஒட்டுப்போடுவதே வழியாயிற்று: 1983இல் கணவர் வீட்டார் கொடுமைக்கு எதிரான 498-ஏ, டெல்லி மாணவி கூட்டு வல்லுறவுக் கொலைக்குப் பின் 2013இல் பாலியல் குற்றத் திருத்தங்கள்.

2020இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்துக்காக ஒரு குழுவை அமைத்தது. 2023 ஆகஸ்ட் 11இல் வந்த நியாய சன்ஹிதா மசோதா நிலைக்குழுவுக்குப் போய், திரும்பப் பெறப்பட்டு, டிசம்பரில் புது வடிவில் வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140 பேருக்கு மேல் இடைநீக்கமான அந்தக் கூட்டத்தொடரிலேயே நிறைவேறி, டிசம்பர் 25இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒன்றரை நூற்றாண்டுச் சட்டத்தை மாற்ற இந்த விவாதம் போதாது.

பெரும்பகுதி பழைய வாசகமே, எண்கள்தான் இடம்மாறின. கொலைக்கான 302 இப்போது 103. சினிமா வசனத்தில் ஊறிப்போன 420, 318ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவில் அடங்கிவிட்டது. புதியவையும் உண்டு: சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை, கும்பல் கொலைக்குத் தனி உட்பிரிவு. ராஜதுரோகம் என்ற பெயர் போனாலும் 152ஆவது பிரிவு அந்த இடத்தை ஏறக்குறைய நிரப்புகிறது. இயற்கைக்கு மாறான பாலுறவு பற்றிய பழைய 377ஆவது பிரிவு அடியோடு நீக்கப்பட்டதால், வல்லுறவுக்கு ஆளாகும் வயதுவந்த ஆணுக்கு நேரடியான சட்டப் பாதுகாப்பு இல்லாமல் போனது.

விபத்து நடத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் 106(2), லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. மற்றவை 2024 ஜூலை 1இல் அமலாயின. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பதால், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டனையை உயர்த்தும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது.