நம்பிக்கையைக் காக்கும் உத்தியோகம்

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை டொக்டராக வேண்டும். வர்த்தகம் படித்தவர் வங்கியில் சேர வேண்டும். வங்கிக்குள்ளேயே 'முதலீட்டாளர் தொடர்பு' என்றொரு உத்தியோகம் உண்டென்று எமக்கு எவரும் சொல்லவில்லை.

அதன் வரலாறு அவ்வளவு பழையதல்ல. 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் உருவானது, தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டத் துரைமார் முனைந்த காலத்தில். அன்று முதலிட்டவர் சிறு வட்டத்தினர். பங்குகள் சாதாரண குடும்பங்களையும் எட்டியபோதே விளக்கம் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1953இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் பங்குச் சந்தைக்கு ஒரு மேற்பார்வை அமைப்பைத் தந்தது.

மக்கள் தொடர்பு அலுவலர் வாடிக்கையாளருடனும் பத்திரிகைகளுடனும் பேசுவார். முதலீட்டாளர் தொடர்பு அலுவலர் பங்குதாரருடனும் ஆய்வாளருடனும் பேசுவார். அவருக்கு ஐந்தொகையும் வாசிக்கத் தெரிய வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கும் செய்தியை ஒருவருக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லவும் கூடாது.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, இத்துறையிலுள்ள என் வகுப்புத் தோழி வாரக்கணக்காக உறங்கவில்லை. நட்டத்தை மறைக்காமல், பீதியும் கிளப்பாமல் சொல்வதே அவள் வேலை. நோயாளியின் உறவினர் முன் நான் நிற்பதும் அப்படித்தான். கெட்ட செய்தியை ஒருமுறை மறைத்தால், பிறகு நல்ல செய்தியையும் நம்பமாட்டார்கள்.

இத்துறையிலுள்ள பழைய மாணவிகளே, இன்றைய உயர்தரப் பிள்ளைகளிடம் ஒருநாள் வந்து பேசுங்கள். எமக்குச் சொல்லப்படாததை அவர்களாவது அறியட்டும்.