அகன்ற தாழி

காங்கேயத்திற்கு வடக்கே, நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறித்த கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் முடிபு. 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் கல்மணிப் பட்டறைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும், பண்டைக் கல்லறைகளும் வெளிப்பட்டன. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்குச் சென்ற வணிகப் பெருவழியில் அமைந்த ஊர் அது. வண்டியும் வழிப்பயணமும் இறந்தோர்க்கு எடுத்த கற்குவையும் ஒருங்கே நினைவுக்கு வரும் இம்மண்ணில் நின்று, புறநானூற்றின் 256-ஆம் பாடலைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. சுரத்திடையே கணவனை இழந்த ஒருத்தி, தாழி வனையும் குயவனை விளித்துப் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு உடன்வரும் சிறு பல்லியைப் போல, அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள் அவள். தனக்கும் இரங்கி, ஈமத்தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். பாடல் இவ்வளவே.

அவள் கேட்டது என்ன? அன்றே கணவனோடு மாய்ந்துவிடத் துணிந்தாள் என்று பொருள் கொள்வாரும் உளர். அப்பொருளை ஏற்குமுன் தொல்காப்பியத்தை நோக்குதல் வேண்டும். கணவனை இழந்தவள் எரிபுகுவதற்கு ஒரு துறையும், இருவரும் ஒருங்கே மடிவதற்கு மூதானந்தம் என்னும் துறையும் அங்கே தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. இப்பாட்டிற்குரிய துறையோ முதுபாலை. அது தனித்து நின்றவளின் புலம்பல். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தன் 246-ஆம் பாட்டில் ஈமத்தீயை வெளிப்படையாகவே வேண்டுகிறாள். இவளிடம் தீயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எப்போது என்றும் அவள் கூறவில்லை. இடம் மட்டுமே கேட்கிறாள்.

உவமையும் இதற்கு அரணாகிறது. பல்லி வண்டியை இழுப்பதில்லை, செலுத்துவதுமில்லை. வண்டி போன வழியே அதன் வழி. இன்று வண்டி நின்றுவிட்டது, பல்லி உயிரோடிருக்கிறது. அவள் துயரம் அதுவே.

சுடுதல், வெளியே இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், நிலவறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐவகை ஈமமுறைகளை மணிமேகலை அடுக்கிச் சொல்லும். ஆதிச்சநல்லூரில் 2004-இல் தொடங்கிய அகழாய்வில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. ஆகவே தாழி என்பது புலவரின் கற்பனைப் பொருளன்று; குயவரின் அன்றாடத் தொழிற்பொருள்.

அவர்கள் தாழி என்றதை நாம் மண்ணறை என்கிறோம். ஒருவர்க்கு ஒரு கபுறு என்பது நம் வழக்கம். ஆயினும், "அவர் பக்கத்திலேயே எனக்கும் இடம் வையுங்கள்" என்று மக்களிடம் சொல்லிவைக்கும் மூதாட்டியர் நம் வீடுகளிலும் உண்டு. அதைக் கேட்டு, அவர் இன்றே உயிர்விடத் துணிந்தார் என்று எவரும் கருதுவதில்லை. எஞ்சிய நாள்களை அவர் வாழ்ந்தே முடிக்கிறார். பெயரறியாத அச்சங்கப் பெண்ணின் சொல்லுக்கும் அதே பொருளைத் தருவதே அவளுக்கு நாம் செய்யும் நீதியாகும்.