செட்டிக்குளக் கரையிலே

அனந்தபுரத்திலிருந்து காலையிலே செஞ்சி சென்றோம். பகல் முழுதும் கால்நடையாகவே கோட்டையைக் கண்டோம். மூன்று மலைகளை வளைத்து நிற்கும் மதில்! நாயக்கர் ஆண்டனர், 1649-இல் பீஜப்பூர்ப் படை வென்றது, 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். எவர் கொடியும் நிலைக்கவில்லை; கல் நிலைத்தது. அக்கல்லைச் சுமந்தவன் பெயரை யாரறிவார்?

ராஜகிரி ஏறி இறங்கி, கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் கண்டு, மாலையிலே செட்டிக்குளக் கரை சேர்ந்தோம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் பொருது மடிந்த இளைஞன் தேசிங்கின் உடல் எரிந்த இடம் இது என்பர். அவன் இளமனைவியும் உடன்கட்டை ஏறினாள்; அவள் நினைவாக எழுந்ததே இராணிப்பேட்டை என்பர்.

தேசிங்கின் கதைப்பாடல் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். தவறன்று. ஆனால் தோழர்களே, களத்திலே வீழ்ந்தவன் கையில் வாள் இருந்தது. நெருப்பிலே வீழ்ந்தவள் கையில் என்ன இருந்தது? ஊருக்குப் பெயர் சூட்ட மனம் வந்தது. தீயைத் தடுக்க எவருக்கு வந்தது? சென்னை மாகாணத்தில் அக்கொடுமையைத் தடுக்கும் சட்டம் வர 1830 ஆயிற்று, 116 ஆண்டுகள்!

2025-இல் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. பெருமைதான். சென்று காணுங்கள். மலையுச்சியை மட்டும் கண்டு திரும்பாதீர். குளக்கரையிலும் சற்றே நின்று சிந்தியுங்கள்!