மீண்டும் ஓர் ஆண்டு

பெட்டி கட்டும் திங்கள் செப்டம்பர். பிரிட்டனிலும் அயர்லாந்திலுமிருந்து இளைஞர் பலர், பிரெஞ்சுப் பள்ளிகளில் மொழித் துணையாசிரியராகப் பணியாற்றப் புறப்படும் காலம் அது. பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு திங்கள். வாரத்துக்கு 12 மணி வேலை. மாணவரைத் தம் தாய்மொழியிலே பேசவைப்பது கடமை. அவருள் சிலர் இரண்டாம் முறையும் போகின்றனர். "ஓராண்டு போதாதோ? ஊர் கசந்ததோ?" என்று வீட்டார் கேட்கக்கூடும். கேட்கட்டும்! வரலாற்றில் விடை இருக்கிறது.

1904-இல் பிரிட்டனும் பிரான்சும் பன்னூற்றாண்டுப் பகை மறந்து உடன்பாடு கண்டன. அதனையொட்டித் துணையாசிரியர் பரிமாற்றம் பிறந்தது. அதைப் போன்றதொரு பரிமாற்றம், டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கும் பாரிசின் எக்கோல் நார்மால் கல்லூரிக்கும் இடையே நடந்தது. 1926-இல் பாரிசிலிருந்து டப்ளின் வந்தார் ஆல்பிரட் பெரோன். ஈராண்டு தங்கினார். அங்கே அவருக்கு நண்பரானவர் சாமுவேல் பெக்கெட். 1928-இல் டப்ளினிலிருந்து பாரிசு சென்றார் பெக்கெட். அவரும் ஈராண்டு!

அயர்லாந்தில் ஆங்கிலம் புகுந்த வகையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! படையோடு வந்தது, நிலப்பறிப்போடு வளர்ந்தது, ஐரிஷ் மொழியை மேற்குக் கரையோரம் ஒதுக்கிற்று. பெக்கெட்டின் குடும்பம் ஆங்கிலமே பேசிய புராட்டஸ்டண்டுக் குடும்பம்தான், மறுப்பதற்கில்லை. எனினும் அந்த ஆங்கிலத்தை அவர் பாரிசுக்கு எடுத்துச் சென்றது ஆளுவதற்கா? அன்று! அழைத்தோர்க்குக் கற்பிக்க. ஆணையோடு நுழையும் மொழி வேறு, அழைப்போடு நுழையும் மொழி வேறு.

இரண்டாம் ஆண்டிலேதான் விளைச்சல். 1930-இல், பகுத்தறிவு மேதை தெக்கார்த்தைப் பற்றி அவர் எழுதிய கவிதை பத்துப் பவுன் பரிசு பெற்றது. பெரோனுடன் அமர்ந்து, ஜாய்சின் கடினமான எழுத்தைப் பிரெஞ்சில் பெயர்க்கவும் முனைந்தார். முதலாண்டோடு ஊர் திரும்பியிருந்தால்? இவை வேறு விதமாய் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பின்னர் டிரினிட்டியிலே விரிவுரையாளர் பதவி, அதை உதறினார். 1937-இல் பாரிசையே இருப்பிடமாக்கிக்கொண்டார். மூன்றாண்டில் இட்லரின் படை அந்நகரைக் கைக்கொண்டது. நடுநிலை நாட்டின் குடிமகன் அவர், ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை! எதிர்ப்பியக்கத்தில் அவரைச் சேர்த்தவர் யார்? டப்ளினில் பிரெஞ்சு கற்பித்த அதே பெரோன். பெக்கெட்டுக்கு என்ன வேலை? இரகசியச் செய்திகளைச் சுருக்கி, ஆங்கிலமாக்கி, இலண்டனுக்கு அனுப்பத் தட்டச்சு செய்தல். வகுப்பறையில் பயின்ற மொழிப்புலமை, கொடுங்கோலனுக்கு எதிரே கருவியாயிற்று.

குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. காட்டிக்கொடுத்தவர் ராபர்ட் அலெஷ் என்னும் பாதிரியார். 1949-இல் அவருக்கு மரணதண்டனை. 1942 ஆகஸ்டில் பெரோன் சிறைப்பட்டார். அவர் மனைவி விடுத்த எச்சரிக்கையால் பெக்கெட் தப்பி, தெற்கே ரூசியோன் என்னும் சிற்றூரில் மறைந்து வாழ்ந்தார். பெரோன் மௌத்தவுசன் முகாமில் வதைபட்டார். 1945-இல் மீட்கப்பட்டும், வீடு சேராமல் சுவிட்சர்லாந்திலே உயிர் நீத்தார்.

மொழி கற்றோர் அனைவரும் மாண்புடையோர் என்று பாடிவிடவும் முடியாது. பாரிசில் பெக்கெட்டின் மாணவராயிருந்த ழோர்ழ் பெலோர்சோன், அதே பரிமாற்றத்தில் டப்ளின் சென்று பணியாற்றியவர். பின்னாளில் அவரே இட்லருக்கு அடிபணிந்த விஷி அரசின் இளைஞர் துறைக்குத் தொண்டு புரிந்தார். ஒரே வகுப்பறை, ஒரே பரிமாற்றம், ஒரே நகரம்!

இன்று பெட்டி கட்டும் பிரிட்டன் இளைஞருக்கு விசா வேண்டும். 2021 முதல் அந்தத் தொல்லை. அயர்லாந்தார்க்கு அது இல்லை.

போருக்கு முன் பெக்கெட், பெரோனின் துணையோடு, தம் "மர்பி" புதினத்தைப் பிரெஞ்சில் பெயர்த்திருந்தார். அது அச்சேறியது 1947-இல். காணிக்கைப் பக்கத்திலே ஒரே பெயர்: ஆல்பிரட் பெரோன்.