ஆட்டோமேட்டிக் கியரும் அதன் நோய்க்குறிகளும் - ஒரு சிறு வரலாறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வழியாகப் புதுச்சேரி பக்கம் போகும் கார்களில் கிளட்ச் பெடலே இல்லாதவை இப்போது நிறைய. ஓட்டுபவருக்கு சுகம்தான். ஆனால் பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் நடுவழியில் "இழுக்கவில்லை" என்று நின்றால் கதையே வேறு. சாதா கியர் என்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை மாற்றி அனுப்பிவிடுவார். ஆட்டோமேட்டிக் என்றதும் "மெட்ராஸுக்குக் கொண்டு போயிடுங்க சார்" என்பார். அங்கே போனால் முதல் வார்த்தையே "கியர் பாக்ஸை இறக்கணும்" என்பதாக இருக்கும். பழைய காரின் விலையில் பாதி போய்விடும்!

உண்மையிலேயே இறக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு சுமார் எண்பது வருட வரலாறு உண்டு.

எண்ணெயே பேசிய காலம்

1905-ல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், ஒரு சக்கரத்தின் சுழற்சியைத் திரவத்தின் மூலமாகவே இன்னொரு சக்கரத்துக்குக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் நினைத்தது கப்பலுக்காக. அதே தத்துவத்தைக் காருக்குக் கொண்டு வந்து, பெரிய அளவில் விற்றுக் காட்டியது ஜெனரல் மோட்டார்ஸ். அதன் 'ஹைட்ரா-மேட்டிக்' கியர் 1939-ல் அறிவிக்கப்பட்டு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளிலும் அதைப் பொருத்தினார்கள்.

இந்தக் கியரில் எல்லா வேலையும் எண்ணெயின் அழுத்தத்தால் நடந்தது. பம்ப் அழுத்தம் கொடுக்கும். வால்வுகள் அதைப் பங்கிட்டு, கிளட்சுகளையும் பேண்டுகளையும் இறுக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. எனவே மெக்கானிக்கும் எண்ணெயைத்தான் விசாரித்தார்.

சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்தது போல ரோஸ் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. எல்லா கியரிலும் வழுக்கினால் பொதுவான காரணம்: எண்ணெய் குறைவு, ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப். ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியருக்குரிய கிளட்ச் அல்லது பேண்ட்.

இதற்கு மேல் 'ஸ்டால் டெஸ்ட்'. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'டி'-யில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக ஐந்து விநாடிக்கு மேற்படாமல் மிதிப்பார்கள். எஞ்சின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கியரில் ஏதோ வழுக்குகிறது. அந்த அளவையே எட்டாவிட்டால் எஞ்சின் பலவீனம், அல்லது டார்க் கன்வர்ட்டரில் கோளாறு.

சின்ன ரப்பர் குழாய், பெரிய பில்

அந்தக் காலத்துப் பல கார்களில், எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தை கியருக்குச் சொல்ல ஒரு 'வேக்வம் மாடுலேட்டர்' இருந்தது. அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்தாலே கியர் தாமதமாக, அடித்துக்கொண்டு விழும். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். குழாயைப் பார்க்காமல் கியர் பாக்ஸைப் பிரித்தால் செலவு எங்கேயோ போய்விடும். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் காரணம் பத்து ரூபாயா பத்தாயிரமா என்பது சோதனையின் வரிசையைப் பொறுத்தது.

எண்ணெய்க்கும் ஒரு சோகக் கதை உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அந்த எண்ணெயில் திமிங்கிலக் கொழுப்பு சேர்க்கப்பட்டது. அமெரிக்கா அதைத் தடை செய்ததும் மாற்று எண்ணெய் வந்தது. அதில் ஒரு வகை குளிர்விப்பான் குழாயின் பற்றவைப்பையே அரித்தது. மறுபடி கலவையை மாற்ற வேண்டியதாயிற்று.

1989-ல் கிரைஸ்லர் தன் 'அல்ட்ராடிரைவ்' கியரை முழு மின்னணுக் கட்டுப்பாட்டோடு கொண்டு வந்தது. கோளாறு கண்டால் அது தானாகவே இரண்டாம் கியரில் நின்றுகொள்ளும். அதற்கென்று தனி எண்ணெய் இருந்தும், பலர் வழக்கமான எண்ணெயை ஊற்றியதால் நிறைய கியர்கள் கெட்டன.

கம்ப்யூட்டர் பேசத் தொடங்கியது

1996 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு ஓ.பி.டி. 2 கட்டாயமானது. 'பி07' என்று தொடங்கும் குறியீடுகள் பெரும்பாலும் கியர் சம்பந்தப்பட்டவை. 'பி0730' என்றால் கியர் விகிதம் சரியில்லை. ஆனால் ஏன் சரியில்லை? எண்ணெயா, சோலனாய்டா, கிளட்சா, கடற்காற்றில் உப்புப் பூத்த ஒயர் இணைப்பா? குறியீடு எந்தத் தெரு என்று சொல்லும், வீட்டைச் சொல்லாது.

நம்ம ஊரில்

இந்தியாவில் மைலேஜ் பயத்தால் ஆட்டோமேட்டிக் ரொம்ப காலம் பணக்காரர் சமாச்சாரமாகவே இருந்தது. 2014-ல் வந்த மாருதி செலேரியோவின் ஏ.எம்.டி. தான் அதை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டு வந்தது. இது சாதா கியர்தான். கிளட்சை இயந்திரம் மிதிக்கும். எனவே நோய்க்குறிகளும் வேறு. ஸ்டால் டெஸ்ட் இதற்குப் பொருந்தாது.

இதற்கு ஒரு வருடம் முன்பே செங்கல்பட்டு மாவட்ட மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டை கிளட்ச் கியர் வந்தது. இதே பெயர் கொண்ட கியர் ஆஸ்திரேலியாவில் பெரிய வழக்கானது. கார் நடுங்குகிறது என்று வந்தவர்களிடம் "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று சொல்லப்பட்டது. கியரிலேயே பரவலான கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இப்படி நடந்தது என்பது நீதிமன்றத்தில் நிலைபெற்றது. 2018-ல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம்! இந்தியாவில் 2017 இறுதியில் வந்த புதிய எக்கோஸ்போர்ட்டில் அந்தக் கியர் கைவிடப்பட்டு, டார்க் கன்வர்ட்டர் கியர் வந்தது. 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியே நின்றது.

ஆக, பழுது என்ன என்று சொல்பவர்தான் பணம் யார் கட்டுவது என்றும் தீர்மானிக்கிறார். பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் குறைந்தபட்சம் இந்த வரிசையையாவது கேட்கலாம்: எண்ணெயின் அளவும் நிறமும், கம்பெனி சொன்ன எண்ணெய்தானா, ஒயர் இணைப்புகள், பேட்டரி, ஸ்கேனர் குறியீடு, எண்ணெய் அழுத்தம். இத்தனையும் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு கியர் பாக்ஸை இறக்கச் சொன்னால் இறக்கலாம். அதற்கு முன் இறக்கச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.