முறுக்கினால் உடையும், சூடு காட்டினால் கழலும்



சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மச்சானும் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அவருக்கு நிலக்கடலைக் காடு. காவலுக்கு உரிமத்தோடு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். குழல் முனையில் குறி பார்க்கும் சின்ன மணி தேய்ந்துவிட்டது. புதியது போட வேண்டும். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, நான் பிடித்துக்கொள்ள அவர் குறடால் திருகினார். மணி அசையவில்லை. இன்னும் அழுத்தினார். தலை முறிந்து, மரை உள்ளேயே நின்றுவிட்டது.

"அடுப்பில் காட்டினால் இளகும் மச்சான்" என்றேன் நான். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. உரிமம் பெற்ற பழுதுகாரரிடம் கொண்டுபோனோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். அவர் பார்த்ததும் சொன்னார்: "யாரோ முன்பு மரையில் பசை விட்டிருக்கிறார்கள் சார்."

அந்தப் பசைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953இல் அதை உருவாக்கினார். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைக்குள் காற்றில்லாமல் உலோகத்தோடு சேர்ந்ததும் இறுகிவிடும். புட்டியை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விடுவது அதனால்தான். 'லாக்டைட்' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய மருமகள் நான்சி. ஆட்டத்தில் கழலும் திருகாணிகளுக்கெல்லாம் அது மருந்தாயிற்று.

இறுகியதைக் கழற்ற வழி? சூடுதான். வலுவான சிவப்பு வகை சுமார் 250 டிகிரி செல்சியஸில் இளகும். சூடு ஆறுமுன் திருக வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் என் அடுப்பு யோசனையில் என்ன தவறு? இரட்டைக் குழல்களையும் நடுப்பட்டையையும் பல துப்பாக்கிகளில் ஈயப்பற்று வைத்துத்தான் இணைத்திருப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பசை விடுவதற்கு முன்பே குழல்கள் பிரிந்திருக்கும்! பழுதுகாரர் சுற்றிலும் ஈரத்துணி சுற்றி, பற்றவைப்புக் கோலின் நுனியை முறிந்த மரைமேல் மட்டும் வைத்தார். சிறிது நேரத்தில் அது சத்தமில்லாமல் கழன்று வந்தது.

வீடு திரும்பும்போது எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்தது. கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரிய பீரங்கியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டு, இரகுநாத நாயக்கர் காலத்தது. ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம். அது வார்ப்பு அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே காய்ச்சிய வளையங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, அடித்து இணைத்தது. வளையம் ஆறும்போது சுருங்கி இறுக்கிக்கொள்ளும். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்து, நம் கொல்லர்களின் திறமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றியதும் இதே கணக்குதான். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டையை 500 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர் கூடும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் புகையும் சீறலுமாகக் கவ்விக்கொள்ளும். பட்டை தேய்ந்தால் மறுபடி சூடேற்றித்தான் கழற்றுவார்கள்.

வகுப்பில் பந்தும் வளையமும் காட்டி "உலோகம் சூட்டில் விரியும்" என்று எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஒருநாள்கூடப் பிள்ளைகளை ஒரு கொல்லுப்பட்டறைக்கு அழைத்துப் போகவில்லை. அது என் குறை. எவ்வளவு சூடு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பட்டறைக்காரர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அறிவார். அதை நான் பாடமாகவே நினைக்கவில்லை.

என் மாணவர்களில் கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். அப்பாவோ தாத்தாவோ பட்டை ஏற்றிய முறை, அவர்கள் சொன்ன நிறங்களின் பெயர்கள், நினைவிருப்பதைக் கீழே எழுதுங்கள். பெரியவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். இந்த முறை நான் மாணவனாக உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
திருவண்ணாமலை